இருட்டறையில் அழுவதற்கு நேரமில்லை

என் முதல் தொகுப்பில் ‘இருட்டறை’ என்றொரு கவிதை இருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினைப் பற்றியது. என் கவிதைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது அதுதான். பெண்ணெழுத்து பற்றிய கருத்தரங்குகளில் யாராவது ஒருவர் அதை வாசிப்பார். வாசித்து முடித்ததும் அரங்கம் சற்று நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொகுப்பின் மறுபதிப்புக்காக மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கவிதை என்னைச் சங்கடப்படுத்தத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அதனோடு நான் போட்ட சண்டை.

கவிதையில் என்ன நடக்கிறது? நிலத்தடி அறையில், முழு இருட்டில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். அவள் கண்ணீர் இரசாயனத் தட்டில் விழுகிறது. தட்டிலிருந்து ஒரு படம் எழுந்து வருகிறது. வெளிச்சத்திலிருந்து வரும் ஆண்கள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கே திரும்பிப் போகிறார்கள். அவள் இருட்டிலேயே விடப்படுகிறாள். இருட்டு என்றால் ஒடுக்குமுறை, வெளிச்சம் என்றால் அறிவும் புகழும். இந்த எதிர்வை நான் யோசித்து எடுக்கவில்லை. மொழியில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் எனக்கு இருட்டறை தெரியும். அதுதான் வெட்கம்.

முனைவர்ப்பட்ட ஆய்வின்போது சென்னையில் பெண்கள் விடுதியில் இருந்தேன். அறைத்தோழி திருநெல்வேலிக்காரி, இயற்பியலில் படிகங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவள் துறையில் எண்ணிமக் கருவிகளுக்கு வரிசை நீளம். வளர்த்த படிகம் தேறுமா என்று பார்க்கப் பழைய கேமராவில் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துப் படம் எடுப்பார்கள். மூன்று ஆய்வுக் குழுக்களுக்கும் சேர்த்து ஒரே இருட்டறை. பகல் நேரத்தை ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாலை 6 மணிக்கு மேல் பெண்கள் தனியாக உள்ளே போகக்கூடாது. துணை வேண்டும், பதிவேட்டில் துணையின் கையெழுத்தும் வேண்டும். குறுந்தொகையும் நற்றிணையும் படித்துக்கொண்டிருந்த நான் அப்படித்தான் இருட்டறைக்குள் போனேன். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த பத்தியின் தலைப்பு ‘உடன் வந்தவர்’.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கவிதையில் இல்லாதது அதுதான்.

எக்ஸ்ரே ஃபிலிம் சுருளாக வருவதில்லை, பெரிய தாள்களாக வரும். அதைக் கேமராவின் அளவுக்கு இருட்டிலேயே அளந்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கழுவி எடுத்த பிறகு எது மேல், எது வலது என்று தெரியாது, படமே பயன்படாது. கதிர் பட்ட ஃபிலிமை எஃகுச் சட்டத்தில் மாட்டி டெவலப்பர் தொட்டியில் இறக்குவாள். 20 டிகிரியில் 5 நிமிடம். சட்டத்தை இரண்டு முறை தட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்ட வேண்டும், குமிழி நின்ற இடத்தில் பொய்ப்புள்ளி விழும். பிறகு தண்ணீர், பிறகு ஹைப்போவில் 10 நிமிடம், பிறகு ஓடுகிற தண்ணீரில் அரை மணி நேரம். ஹைப்போ பட்ட கையால் டெவலப்பரைத் தொட்டால் அடுத்த நாள் வருகிறவருடைய ஃபிலிமும் கெடும். அதனால் அந்த அறையில் ஈரக்கை ஒரு பக்கம், உலர்ந்த கை ஒரு பக்கம்.

சென்னைக் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் எந்தச் சூட்டில் வரும் என்று தெரியும்தானே. அந்தச் சூட்டில் ஃபிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் ஊறிக் குழைந்துவிடும், விரல் பட்டால் உரிந்து வரும். ஆகவே விடுதி மெஸ் அக்காவிடம் கெஞ்சி எவர்சில்வர் தூக்கில் ஐஸ்கட்டி வாங்கிப் போவோம். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, வெப்பமானி 20-க்கு வரும்வரை காத்திருப்பாள். ஐஸைச் சுமப்பதும், இருட்டில் ‘நாலு நிமிஷம்… நாலரை’ என்று சொல்வதும் என் வேலை.

இன்னொன்று. அந்த ஃபிலிமுக்கு மங்கிய சிவப்பு விளக்கு ஆகும். கண் பழகிவிட்டால் தோழியின் முகம் தெரியும், கை தெரியும், சுவரில் யாரோ எழுதிவைத்த கணக்குத் தெரியும். என் கவிதையில் ‘முழு இருட்டு’ என்று எழுதியிருக்கிறேன். எங்கள் அறையைப் பொறுத்தவரை, முதலில் அதுவே தவறு.

ஒருநாள் மாலை, நான்கு ஃபிலிம்கள் டெவலப்பரில் இருக்கும்போது கதவு திறந்தது. மூத்த ஆய்வு மாணவர் ஒருவர். வெளியே எரிந்த சிவப்பு பல்பைப் பார்க்கவில்லையாம். நான்கும் கறுத்துவிட்டன. ஒவ்வொன்றும் ஓர் இரவு முழுக்கக் கதிரில் இருந்தவை. அவர் ‘ஸாரிம்மா’ என்று சொல்லிவிட்டு, வந்த வேலையாகத் தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் குறிப்பேட்டைத் திறந்து 14 முதல் 17 வரையுள்ள எண்களுக்கு எதிரே ஒரே சொல் எழுதினாள்: ‘கதவு’. மறுபடி ஃபிலிம் வெட்டத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் நான் ‘இருட்டறை’யை எழுதினேன். ஃபிராங்க்ளினைப் பற்றி எங்கோ படித்தது மனதில் இருந்தது. இரண்டும் கலந்தன. கவிதையை முதலில் அவளிடம்தான் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். “ஏட்டி, இருட்டுக்குள்ள அழுறதுக்கு எங்க நேரம் இருக்கு? டைமர் ஓடிட்டுல்லா இருக்கும்.” கவிதை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆகியிருக்கிறது.

இனி ஃபிராங்க்ளின். 1920-இல் லண்டனில் பிறந்தவர். நிலக்கரியின் நுண்துளைகளைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றவர். பாரிஸில் எக்ஸ்ரே முறையில் தேர்ந்து, 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வுக்கு வந்தார். ஏற்கெனவே அங்கே அதில் ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்ஸ் அவரைத் தன் உதவியாளர் என்று எண்ணினார். ஆய்வகத் தலைவர் ராண்டல் ஃபிராங்க்ளினுக்கு எழுதிய கடிதமோ, அந்த வேலை அவருக்கும் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்குக்குமே உரியது என்றது. கடிதத்தை வில்கின்ஸ் பார்க்கவில்லை. இருவருக்கும் இடையிலான பகைக்கு ஆளாளுக்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள். பாதிக்காரணம் ஒரு தலைவரின் இரட்டைப் பேச்சு.

உலகம் அறிந்த ‘51-ஆம் படம்’ 1952 மே மாதம் எடுக்கப்பட்டது. ஃபிராங்க்ளினும் கோஸ்லிங்கும் எடுத்த சிதறல் படங்களில் அது 51-ஆவது, அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள். டி.என்.ஏ. ஈரத்தில் மூக்குச்சளி போல இருக்கும். அதிலிருந்து சிலந்தி நூல் போல ஓர் இழையை இழுத்துப் பிரித்து, நுண்ணிய கதிர்க்கற்றைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். சுற்றியுள்ள காற்று கதிரைச் சிதறடித்து ஃபிலிமை மங்கவைக்கும் என்பதால் கேமராவுக்குள் ஹைட்ரஜனை நிரப்பினார்கள். அந்த ஹைட்ரஜனை உப்புக் கரைசலின் வழியே குமிழியிட விட்டு ஈரப்பதத்தை வேண்டிய அளவில் நிறுத்தினார்கள். 75 விழுக்காட்டில் இழைக்கு ஒரு வடிவம், 92 விழுக்காட்டில் வேறு வடிவம். டி.என்.ஏ.வுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது ஃபிராங்க்ளினின் இந்த ஈரக் கணக்கு. அவர் வருவதற்கு முன்பு இரண்டும் கலந்த குழம்பிய படங்களே பெரும்பாலும் கிடைத்துக்கொண்டிருந்தன. 51-ஆம் படத்துக்கு ஃபிலிம் கதிரில் இருந்த நேரம் 62 மணி.

எங்கள் மெஸ் அக்காவின் ஐஸ்கட்டி எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஈரமும் சூடும் நேரமும் கைக்குள் நிற்க வேண்டிய வேலை இது. சமையலறையில் இதே கவனத்தை நாம் ‘கைப்பக்குவம்’ என்று சொல்லி அறிவுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். ஆய்வகத்திலும் அதுதான் நடந்தது. ஜேம்ஸ் வாட்சன் 1968-இல் வெளியிட்ட ‘இரட்டைச் சுருள்’ நூல் அந்தப் படத்தை வில்கின்ஸ் தனக்குக் காட்டிய நொடியைக் கதையின் உச்சமாக்கியது. 1953 ஜனவரி 30. அவருடைய நூலில் அந்த நொடிக்கு நாடித்துடிப்பு இருக்கிறது. 62 மணி நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பார்த்தவனுக்கு மூளை, செய்தவளுக்குக் கை. ஃபிராங்க்ளினை ‘ரோசி’ என்று அழைத்ததும் உதட்டுச்சாயம் இல்லாததைக் குறைசொன்னதும் எல்லாரும் கண்டிக்கிற பக்கங்கள். எனக்கு அதைவிட இந்த நேரக்கணக்குதான் உறுத்துகிறது. என் கவிதையும் அதே நொடியைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. திட்டியிருக்கிறேனே தவிர, அவர் போட்ட மேடையிலேயே நின்று திட்டியிருக்கிறேன்.

இருட்டு என்ற உருவகமும் அவர்களிடமிருந்து வந்ததுதான். 1953 மார்ச்சில் வில்கின்ஸ் கிரிக்குக்கு எழுதிய கடிதத்தில், ‘நம் இருண்ட சீமாட்டி’ அடுத்த வாரம் போகிறார் என்று நிம்மதியோடு குறிப்பிட்டார். பிரெண்டா மேடாக்ஸ் 2002-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தச் சொல்லையே துணைத்தலைப்பாக ஏற்றது. நல்ல நூல், ஃபிராங்க்ளினை மலையேறுகிற, விருந்து சமைக்கிற, சண்டை போடுகிற பெண்ணாகக் காட்டுகிறது. ஆனாலும் அட்டையில் நிற்பது வில்கின்ஸின் எரிச்சல். நானும் அதே சொல்லை, இரக்கத்தோடு, திருப்பி எழுதினேன்.

தோழிகள் எழுதியதிலும் சிக்கல் உண்டு. ஆன் சேயர் 1975-இல் எழுதிய நூல்தான் வாட்சனுக்கு முதல் பெரிய மறுப்பு. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கிங்ஸ் கல்லூரியில் பெண்களுக்கு இருந்த தடைகளை அவர் சற்று மிகைப்படுத்தினார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆண்களுக்கு மட்டுமான உணவறை இருந்தது உண்மை. இருபாலரும் சேர்ந்து சாப்பிடும் கூடமும் இருந்தது. ராண்டலின் ஆய்வகத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண். அங்கே புகைப்பட வேலைகளைக் கவனித்த ஃபிரெடா டைஸ்ஹர்ஸ்டும் ஒரு பெண். இந்தப் பெயரை நான் சமீபத்தில்தான் அறிந்தேன். என் கவிதையில் ஃபிராங்க்ளின் தனியாக நிற்க வேண்டியிருந்ததால் அந்த அறையிலிருந்த மற்றப் பெண்களை நான் வெளியேற்றியிருந்தேன். ஒரு பெண்ணை மறந்தவர்களைக் கண்டித்த கவிதை இன்னும் சில பெண்களை மறந்துதான் நிறைவு பெற்றது.

கோஸ்லிங்கையும்தான். 51-ஆம் படத்தை ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் எடுத்தவர் இந்த மாணவர். ஃபிராங்க்ளின் வருவதற்கு முன், 1950-இல், வில்கின்ஸோடு வேலை செய்தபோது டெவலப்பருக்குள்ளிருந்து புள்ளிகள் நிறைந்த படம் ஒன்று மிதந்து வந்ததைப் பார்த்த இன்பத்தை அவர் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு கட்டடங்களுக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதை வழியே வில்கின்ஸிடம் போய், இருவரும் ஷெர்ரி குடித்தார்கள். எவ்வளவு அழகான காட்சி. படித்தபோது எனக்குப் பொறாமை வந்தது, என் தோழிக்காக. அவளுக்கும் ஒருநாள் அப்படியொரு படம் வந்தது. சீரான புள்ளிகள், வரிசை வரிசையாக. ஓடிப்போய்க் காட்ட ஆளில்லை. விடுதிக் கதவு 9 மணிக்கு மூடிவிடும், நாங்கள் அதற்காக ஓடினோம்.

அன்னா சீக்லரின் ‘51-ஆம் படம்’ நாடகம் (லண்டனில் 2015-இல் நிகோல் கிட்மன் நடித்தது) என் கவிதையைவிட இந்த ஒரு விஷயத்தில் நேர்மையானது, கோஸ்லிங்குக்கு மேடையில் இடம் கொடுக்கிறது. ஆனால் தலைப்பு? மறுபடியும் அந்த ஒரே ஃபிலிம்.

ஒரே ஃபிலிமைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆபத்து? திருட்டுக் கதையில் திருட்டுக் கொடுத்தவள் தன்னிடம் இருந்ததன் மதிப்பை அறியாதவளாக ஆகிவிடுகிறாள். மாத்யூ காப், நதானியேல் கம்ஃபர்ட் இருவரும் 2023-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதைச் சுட்டிக்காட்டியது. வாட்சன் ஒரு பார்வையில் கண்டதை ஃபிராங்க்ளின் எட்டு மாதமாகக் காணவில்லை என்றால் அவர் என்ன அறிவியலாளர்? உண்மையில் ஃபிராங்க்ளின் அந்தப் படத்தை ஒதுக்கிவைத்து, புள்ளிகள் அதிகமான இன்னொரு வடிவத்தின் படங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். புள்ளிகளின் கறுமையை அளந்து, பீவர்ஸ்–லிப்சன் அட்டைகளை வைத்துக் கையால் கூட்டிக் கழித்துச் செய்த மாதக்கணக்கான வேலை. சறுக்கலும் உண்டு: 1952 ஜூலையில் அவரும் கோஸ்லிங்கும் அந்த வடிவத்தில் சுருள் இல்லை என்று குறும்பாகக் கறுப்புக்கரை போட்ட இரங்கல் அட்டை எழுதினார்கள். 1953 பிப்ரவரி இறுதியில் அவருடைய குறிப்பேடு இரண்டு வடிவங்களும் இரட்டை இழைச் சுருள்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தது. அழுதுகொண்டிருந்தவளின் குறிப்பேடு அல்ல அது.

அப்படியானால் அநியாயமே நடக்கவில்லையா? நடந்தது. ஆனால் இருட்டறையில் நடக்கவில்லை. ஃபிராங்க்ளின் வேறு கல்லூரிக்குப் போகவிருந்ததால் படம் கோஸ்லிங் வழியாக வில்கின்ஸுக்குப் போனது. அதில் முறைகேடு என்று பெரிதாக எதுவும் இல்லை. வில்கின்ஸ் அதைப் போட்டியிடும் ஆய்வகத்தைச் சேர்ந்தவரிடம் ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் காட்டினார். அவருடைய அளவுகள் அடங்கிய ஆய்வறிக்கை பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் கைமாறியது. பொதுவான இருட்டறையில் எல்லாருடைய ஃபிலிமும் ஒரே கொடியில்தான் காயும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்ப்பார்கள். அங்கே ஒரு நடப்பு உண்டு: பிறர் கிளிப்பில் தொங்குவதை நீ கழற்றக்கூடாது, கீழே விழுந்திருந்தால் பெயரைப் பார்த்து அதே கிளிப்பில் மாட்ட வேண்டும். கிளிப்பில் பெயர் எழுதிய சிறு ஒட்டுத்தாள் இருக்கும். இந்தக் கதையில் ஃபிலிம்களும் எண்களும் வெளிச்சமான தாழ்வாரங்களில் கைமாறியபோது அந்த ஒட்டுத்தாள் மட்டும் எங்கோ உதிர்ந்தது.

1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. வாட்சன், கிரிக் எழுதியது முதலில்; ஃபிராங்க்ளின், கோஸ்லிங் எழுதியது மூன்றாவதாக. முதல் கட்டுரையின் இறுதியில் ஒரு நன்றி வாக்கியம் உண்டு. வில்கின்ஸ், ஃபிராங்க்ளின், அவர்களுடன் பணியாற்றியோர் ஆகியோரின் வெளியிடப்படாத முடிவுகளின் ‘பொதுத் தன்மையை’ அறிந்ததால் தாங்கள் தூண்டப்பட்டதாக. உரைமரபு படித்தவளுக்கு இந்த வாக்கியம் சுவையானது. நம் இலக்கண ஆசிரியர்களும் ‘என்ப’ என்று முடித்துவிட்டு முன்னோரின் பெயரைச் சொல்லாமல் போவார்கள். ஆனால் அங்கே அது ‘இது என் சொல் அன்று’ என்கிற பணிவு. இங்கே பெயர் இருக்கிறது, பணிவு போலவும் இருக்கிறது. துல்லியமான அளவுகள் மட்டும் ‘பொதுத் தன்மை’ ஆகிவிட்டன. அதைப் படித்த யாரும் மூன்றாவது கட்டுரையை முதல் கட்டுரைக்குச் சான்று என்றே எடுத்துக்கொள்வார்கள், ஊற்று என்று அல்ல. ஃபிராங்க்ளின் 1958-இல், 37 வயதில், கருப்பைப் புற்றால் – இல்லை, சினைப்பைப் புற்றால். இதையும் என் கவிதையில் தவறாக எழுதியிருக்கிறேன் – இறந்தார். மற்ற மூவருக்கும் 1962-இல் நோபல் பரிசு.

51-ஆம் படத்தை இப்போது மறுபடி பார்க்கிறேன். நடுவில் பெருக்கல் குறி போலக் கறுத்த பட்டைகள், சுற்றிலும் வெளிர்நிறம். எந்தப் புத்தகத்திலும் அது பெரும்பாலும் இப்படித்தான் அச்சாகிறது, நெகட்டிவின் நிறத்திலேயே. கதிர் வந்து விழுந்த இடம் கறுப்பு. எதுவும் வராத இடம் வெளிச்சம். அந்தப் படத்தில் கறுப்புதான் சான்று. அவர்கள் அளந்தது கறுமையை. இதைப் பற்றிக் கவிதை எழுதியவள் இருட்டை இழப்பு என்று எழுதினேன்.

மறுபதிப்பில் கவிதையை எடுத்துவிடலாம் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை. வைத்துக்கொண்டு கீழே ஒரு குறிப்பு எழுதலாம் என்று முடிவாயிற்று. தோழி இப்போது தெற்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறாள். எங்கள் பழைய இருட்டறை இப்போது பரீட்சை விடைத்தாள்கள் அடுக்கும் அறையாகிவிட்டதாம். குறிப்பில் அவள் பெயரைப் போடட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். கதவு திறந்ததையும், அந்த நான்கு ஃபிலிம்களையும் எழுதட்டுமா என்றும்.

“பேரெல்லாம் எதுக்கு” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “தண்ணி இருபது டிகிரின்னு போடு. அத யாரும் எழுத மாட்டாங்க.”